மூச்சுக்குழாய்க் காசநோயில் ஸ்டீராய்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசநோய் மூச்சுக்குழாயின் உட்சுவரைப் பிடிக்கும்போது ஓயாத இருமலும் வீசிங் சத்தமும் வருவதால், அதை ஆஸ்துமா என்று எண்ணிவிடுவது உண்டு. சிலருக்கு மார்பு எக்ஸ்ரே தெளிவாகவே இருக்கும். சளிப் பரிசோதனையிலும் கிருமி தென்படாமல் போகலாம். இந்த நிலையில் வீக்கத்தைத் தணிக்கும் மருந்தான ஸ்டீராய்டை மட்டும் கொடுப்பதே இருப்பதில் பெரிய தவறு. வீக்கம் வற்றுவதால் சில நாள் இதமாக இருக்கும். கிருமியோ உள்ளே பெருகிக்கொண்டிருக்கும். ஒரு பக்க மார்பில் மட்டும் கேட்கும் வீசிங், இன்ஹேலருக்கு அடங்காத இருமல் ஆகியவை இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி பற்றி மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

காசநோய் மருந்தோடு சேர்த்தே கொடுத்தாலும் எல்லோருக்கும் ஸ்டீராய்டு தேவை என்று சொல்வதற்கில்லை. மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயில் அதன் பயன் நிறுவப்பட்டது. அதை அப்படியே மூச்சுக்குழாய்க்கும் பொருத்திவிட முடியாது. வீங்கிய நிணநீர்க் கணு குழந்தையின் மூச்சுக்குழாயை வெளியிலிருந்து நெரிக்கும்போது அதைக் கொடுப்பது வழக்கம். பெரியவர்களுக்குப் பின்னாளில் ஏற்படும் குழாய்ச் சுருக்கத்தை அது தடுக்கும் என்பதற்கோ உறுதியான சான்று இல்லை. உட்சுவர் சிவந்து வீங்கியிருக்கும் தொடக்க நாட்களில்தான் ஏதேனும் பயனை எதிர்பார்க்கலாம். தழும்பாக இறுகிவிட்ட குழாயை எந்த மாத்திரையும் விரிக்காது. அங்கே பலூன் வைத்து விரிப்பதோ, குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் பொருத்துவதோ, அறுவையோதான் வழி.

பலர் கவனிக்காமல் விடுவது காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினின் குறுக்கீட்டைத்தான். அது கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுவதால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு வேகமாகச் சிதைந்து, உட்கொண்ட அளவில் பெரும்பங்கு பயனற்றுப்போகும். இதைக் கணக்கிட்டு மருத்துவர் அளவைக் கூட்டியிருக்கலாம். அதைப் பார்த்து மிரண்டு நோயாளி தானாகக் குறைப்பதும், ரிஃபாம்பிசின் நின்ற பிறகும் அதே அளவைத் தொடர்வதும் தவறு.

ஸ்டீராய்டு காய்ச்சலைத் தணித்துப் பசியைத் தூண்டும் என்பதால், இரண்டாவது வாரத்திலேயே நோய் போய்விட்டதாகத் தோன்றும். அந்தத் தெம்பை நம்பிக் காசநோய் மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. மருந்துக்கு அடங்கும் சாதாரணக் காசநோய்க்கே பொதுவாக 6 மாதச் சிகிச்சை வேண்டும். கிருமி மருந்துகளை எதிர்க்கும் வகையா என்ற பரிசோதனையையும் தள்ளிப்போடக் கூடாது. மருந்து பலிக்காத உடலில் ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலை மேலும் தளர்த்தும்.

வாரக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தக் குறைவு வரலாம். அதனால் மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் அந்த நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும், குறிப்பாகப் பிற்பகலிலும் மாலையிலும். காலையில் எடுக்கும் மாத்திரையால் சர்க்கரை ஏறுவது பெரும்பாலும் அப்போதுதான்.