பக்கத்துக் காட்டுக் களைக்கொல்லி நம் பயிரில் பட்டால்: பதற்றத்தில் நாம் செய்யும் தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசி மாதம். சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் பருத்தி. வடக்கு வரப்பை ஒட்டிய செடிகளில் புதிதாக வந்த கொழுந்திலைகள் மட்டும் வெண்டை இலை போல விரல் விரலாகப் பிளந்து, நுனி கூராக நீண்டு நின்றன. வைரஸ் நோய் என்று நானே முடிவு கட்டி மருந்துக்கடைக்கு ஓடினேன். பூச்சிமருந்து ஒன்று, நுண்ணூட்டம் ஒன்று, டானிக் ஒன்று. மூன்றையும் அடித்து முடித்த பிறகுதான் வரப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சித்தப்பாவின் மக்காச்சோளத்துக்குள் அறுகு பச்சையாக நிற்க, சாரணையும் தொய்யக்கீரையும் தண்டு முறுக்கிக் காய்ந்து கிடந்தன. பத்து நாளுக்கு முன் அங்கே 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள்.

காற்றில் வந்த மருந்து கெடுத்தது ஒரு பங்கு என்றால், அதன் பிறகு நான் அவசரப்பட்டுக் கெடுத்தது இரண்டு பங்கு. முதல் தவறு, இலையை மட்டும் பார்த்து நோய்க்குப் பெயர் வைப்பது. இலையை விடக் காடு தெளிவாகப் பேசும். வைரஸ் என்றால் அங்கொரு செடி, இங்கொரு செடி என்று திட்டுத்திட்டாக வரும். காற்றில் வந்த களைக்கொல்லி என்றால் வரப்போரம் கடுமையாகவும் உள்ளே போகப் போகக் குறைந்தும் இருக்கும். வரப்பில் நிற்கும் வேறு செடிகளும் அதே கோலத்தில் இருக்கும். 2,4-டி என்பது செடியின் வளர்ச்சி ஹார்மோனைப் போல நடிக்கும் மருந்து. சோளம், மக்காச்சோளம், கரும்பு போன்ற புல்லினப் பயிர்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். பருத்தி, தக்காளி, திராட்சை ஆகியவை வாடை பட்டாலே முறுக்கிக்கொள்ளும். பாராகுவாட் என்ற வேறொரு களைக்கொல்லி பட்டால் ஓரிரு நாளில் தீப்பொறி விழுந்தது போலப் புள்ளி புள்ளியாகக் கருகும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மெதுவாக வேலை செய்யும்; ஒரு வாரம் கழித்துக் குருத்து வெளுக்கும்.

அடுத்தவரைக் குறை சொல்லும் முன் நம் டேங்கையும் முகர்ந்து பார்க்க வேண்டும். களைக்கொல்லி அடித்த தெளிப்பானை ஒரு முறை தண்ணீர் விட்டு அலசிவிட்டு, அதிலேயே தக்காளிக்குப் பூச்சிமருந்து கலக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அப்படிக் கெட்ட காட்டில் பாதிப்பு வரப்போரமாக இருக்காது. டேங்க் போன சால், அதாவது செடி வரிசை, எல்லாம் இருக்கும்.

சித்தப்பா ஒன்று சொன்னார்: “காத்தே இல்லாத விடியற்காலையில்தானே தம்பி அடித்தேன்?” அவர் பொய் சொல்லவில்லை. ஆடிக் காற்றில் அடிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அசைவே இல்லாத வேளையும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. சேர்வராயன் மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்துவிடும். அடுப்புப் புகை மேலே போகாமல் ஓட்டு மட்டத்திலேயே படுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேளையில் அடித்த மருந்தின் நுண்துளியும் அப்படித்தான் கலையாமல் மிதந்து, தாழ்வான காட்டுக்கு நகர்ந்து இறங்கும். வெயில் ஏறிப் புகை மேலே போகத் தொடங்கிய பிறகு, ஒரே திசையில் மெல்லிய காற்று நம் பயிருக்கு எதிர்ப்புறமாக வீசும்போது அடிப்பதே நல்லது. உச்சி வெயிலும் ஆகாது. 2,4-டியில் எஸ்டர் வகை என்றால் அடித்து முடித்த பிறகும் ஆவியாகிக் கிளம்பும். பவர் ஸ்பிரேயரில் அழுத்தத்தைக் கூட்டிப் புகையாக அடிப்பது எந்த வேளையிலும் தவறு.

டப்பாவில் பச்சை முக்கோணம் இருக்கிறதே என்று சிலர் தைரியம் சொல்வார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த நிறங்கள் உயிருக்கு எவ்வளவு நஞ்சு என்பதைக் காட்டுபவை. பக்கத்துக் காட்டுத் தக்காளிக்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை.

கோபத்தில் செடியைப் பிடுங்கி எறிவதும், சேதத்தைத் தேற்ற யூரியாவை அள்ளி வீசுவதும் அடுத்தடுத்து நடக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. லேசாகப் பட்ட பருத்தி, அளவாகத் தண்ணீர் விட்டுவந்தால், சில வாரங்களில் நல்ல இலை விடும். எங்களுக்கு உள்பக்கத்துச் சால்கள் தேறின. வரப்போரத்து ஆறு சால் தேறவில்லை. கீரையோ காயோ என்றால் பட்ட பகுதியைப் பறித்துச் சந்தைக்கு அனுப்பக் கூடாது, ஆட்டுக்கும் போடக் கூடாது.

பிடுங்கும் முன் படம் எடுங்கள். கருகிய இலையை மட்டும் எடுத்தால் பயனில்லை. வரப்பும் அந்தப் பக்கத்துக் காய்ந்த களையும் நம் பயிரும் ஒரே படத்தில் விழ வேண்டும். அடித்த நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றை எழுதி வையுங்கள். மருந்து டப்பாவின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அது தெரியாமல் எந்த நிபுணரும் உறுதியாகச் சொல்ல மாட்டார். நேரில் காட்ட வட்டார வேளாண்மை விரிவாக்க மையமும் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. பயிர்க் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். அது இயற்கை இடர்களுக்கானது. தடுத்திருக்கக்கூடிய இழப்பு அதில் சேராது.

டப்பாவைக் கேட்க வேண்டும் என்றால் வரப்பில் நின்று கத்தக் கூடாது. நான் கத்தினேன். ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை, டப்பாவும் குப்பைக்குப் போனது. பிறகு தீபாவளிக்குச் சித்தியே பலகாரம் கொடுத்தனுப்பினார். இப்போது விதைப்புக்கு முன்பே, யார் எந்தப் பக்கம் என்ன போடுகிறோம் என்று பேசிக்கொள்கிறோம். மருந்து அடிப்பதற்கு முந்தின நாள் மாலை சித்தப்பா போன் செய்கிறார். நான் வடக்கு வரப்போரம் பருத்தி போடுவதில்லை. ஆறு சால் சோளம் போடுகிறேன். அது 2,4-டியைத் தாங்கும், கிளைபோசேட்டைத் தாங்காது. அதனால் வரப்புக் களையை மட்டும் இருவரும் ஆள் வைத்துக் கொத்திவிடுகிறோம், கூலி பாதிக்குப் பாதி.