பை-வயரிங்: எங்கே தவறுகிறோம்?

ஸ்பீக்கரின் முதுகில் இரண்டு ஜோடி டெர்மினல் (வயர் மாட்டும் முனை) இருந்தால், ஆம்ப்ளிஃபையரிலிருந்து (ஆம்ப்) இரண்டு ஜோடி வயர் இழுத்தாக வேண்டும், அதாவது பை-வயரிங் செய்தாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. மேல் ஜோடி பெரும்பாலும் ட்ரெபிள் (கீச்சொலி) தரும் ட்வீட்டருக்கு, கீழ் ஜோடி பாஸ் (அடியொலி) தரும் வூஃபருக்கு. இரண்டையும் சேர்க்கும் உலோகப் பட்டை ஸ்பீக்கரோடேயே வரும்.

பெங்களூரு எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரித்தால், "டபுள் வயர் போட்டா பாஸ் தனியா, ட்ரெபிள் தனியா போகும் சார்" என்பார்கள். பாதி உண்மைதான். ஸ்பீக்கருக்குள் பாஸையும் ட்ரெபிளையும் பிரிக்கும் கிராஸ்ஓவர் சர்க்யூட் இருப்பதால் இரண்டு வயரிலும் ஓடும் கரன்ட் வேறுபடும். ஆனால் இரண்டும் கிளம்புவது ஆம்பின் ஒரே டெர்மினலிலிருந்து! அதனால் வித்தியாசம் வரவேண்டுமென்றால் வயரின் ரெசிஸ்டன்ஸால்தான் வரவேண்டும். 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர் 3 மீட்டர் போய்த் திரும்பினால் அது சுமார் 0.04 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மாற்றியதும் நன்றாகக் கேட்கிறதே என்றால், வால்யூம் துளி ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சத்தம் கூடினாலே காதுக்கு இனிமை கூடிவிடும்.

இரண்டாவது ஜோடி வயருக்கான காசை ஒரே ஜோடி நல்ல வயருக்குப் போடலாம். மலிவு வயர் பலவற்றில் உள்ளே அலுமினியம், மேலே காப்பர் பூச்சு. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம்.

உண்மையில் பயப்பட வேண்டிய தவறு வேறு. ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப் போடுவது பை-ஆம்பிங். அப்போது பட்டையைக் கழற்ற மறந்தால் இரண்டு ஆம்பின் அவுட்புட்டும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும், ஆம்ப் புகைந்தே போகலாம். பை-வயரிங்கில் அதே மறதியால் ஒன்றும் ஆகாது. பட்டையைக் கழற்றிவிட்டு ஒரே ஜோடி வயர் மாட்டினால் பாதி ஸ்பீக்கர் ஊமையாகும், அவ்வளவுதான்.

சிலர் பை-வயரிங்குக்கு, ஆம்பில் இரண்டு செட் ஸ்பீக்கருக்காக இருக்கும் ஏ, பி டெர்மினல்களில் ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி வயர் கொடுப்பார்கள். சில ஆம்புகளில் ஏ-யும் பி-யும் சீரியஸில் (ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே பாதையில்) இணையும். அப்படியானால் பாஸும் ட்ரெபிளும் ஒன்றையொன்று மறித்துவிடும். மேனுவலைப் பார்த்துவிடுங்கள். சிவப்பு, கறுப்பு மாறாமல் இருப்பதும் முக்கியம்.

இத்தனையும் சரியாக இருந்தும் பாஸ் குழம்பினால், அடுக்குமாடி ஹாலின் மூலையில் ஒட்டிவைத்த ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரடி முன்னால் இழுத்துப் பாருங்கள். டைல்ஸ் தரை எதிரொலித்தால் தடித்த கார்பெட் ஒன்று விரிக்கலாம்.