கொடைக்கானல் பைன் காட்டில் காற்றுவழி சேரும் நைட்ரஜனை அளப்பது எப்படி?

மதுரையிலிருந்து கொடைக்கானல் பைன் காட்டுக்குச் சென்று ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் முதலில் வனத்துறையின் அனுமதியைப் பெற வேண்டும். ஆலை உலைகளும் வாகனங்களும் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றில் நெடுந்தூரம் பயணித்து ஊசியிலைகளில் படிந்து, மழையில் கழுவப்பட்டு மண்ணில் இறங்குகின்றன என்பதால், மரத்தடியில் சொட்டும் நீரைத் திறந்தவெளி மழைநீருடன் ஒப்பிடுவதே எளிய வழி.

மரங்களின் கீழே பத்துப் புனல்களையும் வெட்டவெளியில் மூன்றையும் பாட்டில்களுடன் பொருத்துங்கள். ஒரே மரத்தடியில்கூடச் சொட்டும் அளவு இடத்துக்கு இடம் மாறும். எண்ணிக்கையில் சிக்கனம் பார்த்தால் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். சருகு விழாதபடி வலை கட்டி, பாசி பிடிக்காதபடி பாட்டிலைக் கருப்புத் துணியால் சுற்றி, வாரந்தோறும் நீரை அளந்து, மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் ஆய்வகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். நைட்ரேட், அம்மோனியம் இரண்டையும் சோதிக்க வேண்டும். பின்னது பெரும்பாலும் உரத்திலிருந்தும் கால்நடைக் கழிவிலிருந்தும் வருவது.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் நைட்ரஜன் கொண்ட 100 மில்லிமீட்டர் மழை, ஹெக்டேருக்கு 1 கிலோகிராம் நைட்ரஜனைச் சேர்க்கிறது. மரத்தடி அளவு மிகுந்தால், ஊசியிலைகள் மாசை வடிகட்டிப் பிடித்திருக்கலாம்; குறைந்தால், இலைகளே நைட்ரஜனை உறிஞ்சியிருக்கக்கூடும். தேவைக்கு மிஞ்சிய நைட்ரஜன் நைட்ரேட்டாகக் கசியும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் உடன் இழுத்துச் சென்று மண்ணை அமிலமாக்குவதால், வேர்ப்பகுதி நீரையும் ஒரு முறையேனும் சோதித்துப் பாருங்கள்.