ஓசூரில் பார், பாட்டு, ஒரு சனிக்கிழமை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டே ஒரு பீர் குடிக்க வேண்டுமென்றால் ஓசூர்க்காரர்கள் அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூருக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது நம் ஊர் ஓட்டல் பார்களிலேயே வார இறுதியில் மேடை போட்டு நேரடி இசை வைக்கிறார்கள். கிருஷ்ணகிரி, சூளகிரி பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் டாஸ்மாக் பாருக்குப் போகிற பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே வருகிறவர்கள் நிறையப் பேர். அங்கே வேகமாகக் குடித்துவிட்டு எழுந்து போகலாம். இங்கே மூன்று மணி நேரம் உட்காருகிறோம். மேடையில் சிலர் வேலை பார்க்கிறார்கள், பக்கத்து மேசையில் குடும்பம் இருக்கிறது. நடக்கிற தவறுகளில் பாதி இந்த வித்தியாசத்தை யோசிக்காததால் வருபவை.

போவதற்கு முன்பு போன் பண்ணாமல் கிளம்புவது முதல் தவறு. ஓட்டல் பாரில் யாரும் போய் உட்காரலாம். அது எஃப்.எல்.3 உரிமம். மனமகிழ் மன்றம் என்று பலகை வைத்திருக்கும் இடங்களின் உரிமம் வேறு, எஃப்.எல்.2. உறுப்பினர்களுக்கும் அவர்களோடு வரும் விருந்தினர்களுக்கும் மட்டும்தான் அங்கே பரிமாறலாம். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாடி நபி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் மாநிலம் முழுக்க மது கிடையாது. விடுமுறை நாளாகப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தமிழ்நாட்டில் குடிக்கும் வயது 21. கூட வருகிற தம்பிக்கு இருபதுதான் ஆகிறது என்றால் அவனுக்கு எலுமிச்சை ஜூஸ் சொல்லுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

நேரத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மொட்டை மாடியில் மேடை இருந்தால் ஏழரை, எட்டு மணிக்கே பாட்டு தொடங்கிவிடும். ஒன்பதரைக்கு ஆற அமரப் போனால் கடைசி இரண்டு பாட்டுதான் காதில் விழும்.

எங்கே உட்காருவது

மேடைக்கு நேர் எதிரே முதல் மேசை கிடைத்தால் சந்தோஷப்படுகிறோம். பாட்டுக் கேட்க அது மோசமான இடம். அங்கே டிரம்ஸ் நேரடியாகக் காதில் அடிக்கும், பாடுகிறவரின் குரலோ பக்கவாட்டு ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். சிம்பல் சத்தத்தில் சொற்கள் கரைந்துவிடும். ஹாலின் மூலையும் வேண்டாம், பேஸ் என்கிற கனத்த தாழ்சத்தம் முழுக்க அங்கே போய்க் குவியும். ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் கருவி முன்னால் சவுண்ட் பார்க்கிற தம்பி உட்கார்ந்திருப்பார். அவர் தன் காதுக்குச் சரியாக வரும்படிதான் எல்லா அளவையும் வைக்கிறார். அவருக்குப் பக்கத்து மேசை காலியாக இருந்தால் யோசிக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

காதைப் பற்றி நம்மில் பலரும் கவலைப்படுவதில்லை. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ஓடு பதித்த தரை, கண்ணாடிச் சுவர், தாழ்ந்த கூரை உள்ள ஹாலில் முழு பேண்டும் வாசித்தால் அந்த அளவுக்குப் போவது சுலபம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இப்படிப்பட்ட இடங்களுக்கு வகுத்த வழிமுறையில், சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, காதை ஆற வைக்க அமைதியான ஓர் இடம் இருக்க வேண்டும் என்கிறது. மெடிக்கலில் கிடைக்கிற நுரைக் காதடைப்பான் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். வெளியே வந்த பிறகும் காதில் 'ங்ங்' என்று கேட்டால் சத்தம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். பழகப் பழகச் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்காதில் செத்துப்போகிற ரோம செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

பாடுகிறவர்களிடம்

என்னை அதிகம் வருத்துவது இதுதான். ஒரு பாட்டின் நடுவே எழுந்துபோய் மேடை ஓரத்தில் நின்று, "அண்ணா, நம்ம பாட்டு ஒண்ணு" என்று கத்துகிறார்கள். பாடுகிறவர் கண்ணால் 'இருங்க' என்கிறார். விடுவதில்லை. இடைவேளையில் ஒரு சீட்டில் எழுதிக் கீபோர்டு வாசிப்பவரிடம் கொடுப்பதுதான் முறை. பாட்டின் முதல் வரியையும் யார் பாடியது என்பதையும் சேர்த்து எழுதினால் அவர் சுருதியைப் பார்த்துக்கொள்வார், டிரம்ஸ்காரரிடம் தாளத்தைச் சொல்லி வைப்பார். ஆண் பாடிய பாட்டைப் பெண் பாட வேண்டியிருந்தால் சுருதியை மாற்ற வேண்டும். அதற்கு ஒரு நிமிடமாவது ஆகும். எல்லாக் குழுவுக்கும் எல்லாப் பாட்டும் தெரிந்திருக்காது. "தெரியாதுங்க" என்றால் சரி என்று விட்டுவிடுவதே மரியாதை.

ஓசூரில் இன்னொன்றும் உண்டு. ஒரே ஹாலில் தமிழ் மேசை, தெலுங்கு மேசை, கன்னட மேசை மூன்றும் இருக்கும். 'எங்க பாட்டு போடு' என்று ஆரம்பிக்கிற போட்டி சில நேரம் கைகலப்பு வரை போகிறது. நல்ல குழுக்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் தெரியுமா? எஸ்.பி.பி.யும் ஜானகியும் மூன்று மொழியிலும் பாடியவர்கள், இளையராஜா மூன்று மொழியிலும் இசையமைத்தவர். ஒரே மெட்டு இரண்டு மொழியில் வந்த பாட்டாகப் பார்த்து எடுத்து, முதல் சரணத்தைத் தமிழிலும் அடுத்ததைத் தெலுங்கிலும் பாடுவார்கள். அந்த மொழி மாறும் இடத்தில் பின்னால் இருக்கிற மேசையிலிருந்து ஒரு கைதட்டல் கிளம்பும், தமிழ் மேசைகளும் சேர்ந்துகொள்ளும். இந்த ஊருக்கே உரிய அழகு அது. அதைக் கெடுக்காதீர்கள். மைக்கைப் பிடுங்கிப் பாடுவது, பாடுகிற பெண்ணின் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படமெடுப்பது, ரூபாய் நோட்டை அவர்மேல் வீசுவது எதுவும் வேண்டாம். பணம் கொடுக்க விருப்பமிருந்தால் இடைவேளையில் குழுவின் தலைவர் கையில் கொடுங்கள்.

அதேபோல மற்ற மேசைகள் விழும்படி வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். யார் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறார்களோ. இது சின்ன ஊர்.

அளவு

ஒரு ஸ்மால் என்பது 30 மி.லி. நம் ஊர் பிராந்தி, விஸ்கியில் 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. ஆக ஒரு ஸ்மாலில் சுமார் 10 கிராம். 650 மி.லி. ஸ்ட்ராங் பீரை 7 சதவீதம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 36 கிராம் வருகிறது, அதாவது மூன்றரை ஸ்மால். 'பீர்தானே' என்கிற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது. கட்டிங் என்பது மூன்று ஸ்மால், குவார்ட்டர் என்பது ஆறு. பாட்டு நடக்கும்போது கை தானாகக் கிளாஸுக்குப் போகும், உப்பு போட்ட கடலையும் மிக்சரும் தாகத்தைக் கூட்டும். அதனால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவே ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் குடித்துவிட்டு ஆடுவது ஆபத்து. குடித்திருக்கும்போது கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரை சேர்க்கும் வேலையைக் குறைத்துவிடும். சர்க்கரை இறங்கினால் வியர்வை, தள்ளாட்டம், குழறல் எல்லாம் வரும். பார்ப்பவர்கள் போதை என்று விட்டுவிடுவார்கள். உங்களுக்குச் சர்க்கரை இருப்பது கூட வருகிறவர் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பிப் போவது

எப்படித் திரும்புவது என்பதைக் குடித்த பிறகு முடிவு செய்வதுதான் உயிர் போகிற தவறு. சட்டத்தின் வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால். அறுபது கிலோ எடையுள்ள ஆண் அடுத்தடுத்து இரண்டு ஸ்மால் குடித்தாலே அதைத் தாண்டலாம். ஒரு ஸ்ட்ராங் பீரில் 80, 90 வரை ஏறும். உடம்பு மணிக்குச் சுமார் 15 மி.கி.தான் இறக்கும், எனவே வரம்புக்குக் கீழே வர நான்கு மணி நேரம் ஆகும். எலுமிச்சை, மோர், காபி, குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவது எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. இரவு பத்து மணிக்கு முடித்த குவார்ட்டர், காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு சிப்காட் கேட்டுக்குள் நுழையும்போதும் முழுசாக இறங்கியிருக்காது. பைக்கை எடுக்கவும் கூடாது, மெஷினைத் தொடவும் கூடாது.

மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் முதல் முறை மாட்டினால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். குடித்து ஓட்டி வண்டி நொறுங்கினால் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பணமும் வராது. அதைவிட நம் சாலைகள் எப்படிப்பட்டவை என்று யோசியுங்கள். கிருஷ்ணகிரி போகிற நெடுஞ்சாலையில் இரவெல்லாம் லாரிதான். ஓரத்தில் விளக்கில்லாமல் நிறுத்தியும் வைத்திருப்பார்கள். தளி, தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை ரோடுகளில் யானை கடக்கும். பன்னர்கட்டா பக்கமிருந்து கூட்டம் வந்து சேரும் ராகி அறுவடைக் காலத்தில் தெளிவாக இருப்பவர்களே அங்கே பயந்து பயந்துதான் ஓட்டுவார்கள்.

கிளம்பும் முன்பே ஆக்டிங் டிரைவருக்குச் சொல்லிவிடுங்கள், அல்லது நண்பர்களில் ஒருவர் அன்று தொடாமல் இருக்கட்டும், ஒரு ஸ்மால்கூட. அவர் சாப்பாட்டுச் செலவை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளலாம். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக சேலம் பக்கம் போகிற பேருந்துகள் ராத்திரியும் ஓசூரில் நிற்கும். வண்டியைக் காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

கூட வந்தவர் எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லென்று இருக்கிறது என்றால் 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாக்கப் போட்டால் வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காரில் தூங்க வைத்துவிட்டு மீண்டும் பாட்டுக் கேட்கப் போகவே கூடாது.

எல்லை தாண்டி வாங்கிய கர்நாடகா பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு வருவது தமிழ்நாட்டில் குற்றம். ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் பிடிபட்டால் வழக்குத்தான்.

பில் வந்ததும் வரி வரியாகப் பாருங்கள். மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, சாப்பாட்டுக்குத்தான். மொத்தத் தொகைக்கும் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் கேளுங்கள். சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. எடுக்கச் சொன்னால் எடுத்துத் தர வேண்டும். மறுத்தால் பில்லைப் படமெடுத்து வைத்துக்கொண்டு 1915க்குப் போன் பண்ணுங்கள். இசைக்கென்று தனிக் கட்டணம் உண்டா, அது தலைக்கா மேசைக்கா என்பதை மட்டும் உட்காரும்போதே கேட்டுவிட வேண்டும்.