விதைக்கு விடும் காய்

ஆடியில் ஊன்றிய வெண்டை காரைக்குடிப் பக்கம் காய்த்துத் தள்ளும்போதே, நோயில்லாத வாளிப்பான செடியாகப் பார்த்து இரண்டு மூன்று காய்களை விதைக்கு விட்டுவிடுங்கள். அடையாளத்துக்கு ஒரு கிழிதுணியைக் கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் யாராவது பறித்து மண்டிக் குழம்பு வைத்துவிடுவார்கள். காய் செடியிலேயே காய்ந்து, பழுப்பேறி, விளிம்பு வெடிக்கத் தொடங்கியதும் பறிக்கலாம். ஐப்பசி மழை முந்திக்கொண்டால் நெற்றில் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது முற்றிய காயைக் காம்போடு அறுத்து, சாரல் படாமல் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தொங்கவிடுங்கள்.

கத்தரிக்கு வேறு பக்குவம். பழம் மஞ்சளாகி மெத்தென்று ஆனபின் தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை மட்டும் நிழலில் உலர்த்த வேண்டும்.

நாட்டு ரகத்துக்குத்தான் இதெல்லாம். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாய்ச்செடி மாதிரியே வராது.