ஒரு 90 கேசட்டில் இரண்டு ஆல்பம்: அடுத்தடுத்து வந்தவற்றைப் பதிவது எப்படி

ஒரே கலைஞர் அடுத்தடுத்து வெளியிட்ட இரண்டு ஆல்பங்களை ஒரு 90 கேசட்டின் (மொத்தம் 90 நிமிடம் ஓடுவது) இரு பக்கங்களிலும் பதிந்து கேட்டுப் பாருங்கள். ஏ பக்கம் ஓடி முடிகிறது, கேசட்டைத் திருப்பிப் போடுகிறீர்கள். அந்த அரை நிமிடத்தில் கலைஞருக்கு ஓராண்டோ இரண்டாண்டோ கடந்துவிடுகிறது. அவரிடம் என்ன மாறியது, எது அப்படியே இருக்கிறது என்பது காதுக்கு அங்கேயே பிடிபடும். போனில் பாட்டுப் பட்டியலை ஓடவிட்டால் இது நடக்காது. எந்த இடத்தில் ஒரு ஆல்பம் முடிந்து அடுத்தது தொடங்கியது என்றே தெரியாமல் போய்விடும்.

ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம் என்று சினிமாப் பாட்டு கேசட் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. ஐந்தாறு பாட்டுக்கு 60 கேசட் போதுமாக இருந்தது. முழு நீள ஆல்பம் என்றால் 90 வேண்டும்.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வது பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் இரண்டு ஆல்பங்கள்: 1973 மார்ச்சில் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1975 செப்டம்பரில் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்'. முதலாவது ஏறத்தாழ 43 நிமிடம், இரண்டாவது 44 நிமிடத்துக்குச் சற்று மேல். 90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். கேசட்டில் பதிவதில் வரக்கூடிய சிக்கல் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டில் வந்துவிடும். இவற்றைச் சரியாகப் பதியத் தெரிந்தால் மற்ற எதையும் பதியலாம்.

எந்த இரண்டு?

இரண்டுக்கும் நடுவில் அந்தக் கலைஞரின் வேறு புதிய ஆல்பம் இருக்கக் கூடாது. தொகுப்புகள் கணக்கில் வராது. மேலே சொன்ன இரண்டுக்கும் இடையில் 'எ நைஸ் பேர்' என்று ஒன்று வந்தது. அது குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களைச் சேர்த்து மறுபடி வெளியிட்டது, அவ்வளவுதான்.

எந்த நாட்டுப் பதிப்பு என்பதையும் பார்க்க வேண்டும். பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' (டிசம்பர் 1965), 'ரிவால்வர்' (ஆகஸ்ட் 1966) இரண்டும் பிரிட்டிஷ் பதிப்பில் தலா 14 பாட்டு, தலா 35 நிமிடம் போல வரும். அமெரிக்காவில் அப்போது வெளியான பதிப்புகள் வேறு. 'ரிவால்வர்' பாட்டுகளில் மூன்றை முன்கூட்டியே எடுத்து, 1966 ஜூனில் 'யெஸ்டர்டே அண்ட் டுடே' என்ற தொகுப்பில் போட்டுவிட்டார்கள். அந்தப் பதிப்பில் பதிந்தால் 'ரிவால்வர்' 11 பாட்டோடு நின்றுவிடும். எட்டே மாதத்தில் அந்த நால்வர் எவ்வளவு தூரம் போனார்கள் என்பது தெரிய பிரிட்டிஷ் பதிப்புதான் வேண்டும்.

டேவிட் போவியின் 'லோ', 'ஹீரோஸ்' இரண்டும் 1977-லேயே வந்தவை, இரண்டும் 45-க்குள் அடங்கும். ஸ்டீவி வொண்டரின் 'டாக்கிங் புக்' (1972), 'இன்னர்விஷன்ஸ்' (1973) அடங்கும், ஆனால் கடைசியில் ஒரு நிமிடம்தான் மிஞ்சும். நம் பக்கம் என்றால் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), 'நத்திங் பட் விண்ட்' (1988). நடுவில் எத்தனையோ படங்களுக்கு இசையமைத்திருக்கிறார் என்றாலும், திரைக்கு வெளியே செய்த ஆல்பங்கள் என்ற வரிசையில் இவற்றைச் சேர்த்து வைக்கலாம். ஏ பக்கம் வி.எஸ். நரசிம்மனின் வயலின், பி பக்கம் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். ஒரே இசையமைப்பாளர் வில்லுக்கும் மூச்சுக்கும் எப்படி வேறு வேறாக எழுதுகிறார் என்பதைத் திருப்பிப் போடும் அந்த நொடியில் கேட்கலாம்.

பதியும் முன் பாட்டுகளின் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். சிடியில் பின்னால் ஒட்டவைத்த கூடுதல் பாட்டுகளை விட்டுவிடுங்கள். அவை ஆல்பத்தில் சேர்த்தி இல்லை. கூட்டினால் 45-ஐத் தாண்டுகிறதா, அந்த ஜோடி 90-க்கு ஆகாது. ரேடியோஹெட்டின் 'கிட் ஏ' 50 நிமிடம். ஒரு பாட்டை வெட்டிவிட்டுப் பதிய மனம் வராது, வரவும் கூடாது. அதை ஒரு 60 கேசட்டில் இரு பக்கமாகப் பதிந்து, அடுத்து வந்த 'அம்னீசியாக்'கை இன்னொரு 60-இல் பதியுங்கள். 120 கேசட் பக்கம் மட்டும் போகாதீர்கள். 60 கேசட்டின் நாடா ஏறத்தாழ 18 மைக்ரான் தடிமன், 90-இல் 12, 120-இல் 9 தான். அந்த மெல்லிய நாடா இழுபட்டு நீளும், ரோலரில் சுற்றிக்கொள்ளும். சுருளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்போது ஒரு சுற்றின் ஒலி அடுத்ததில் லேசாக ஒட்டி, பாட்டு தொடங்கும் முன்பே அதன் நிழல் கேட்கும்.

கேசட்டும் டெக்கும்

பிரிக்காத பழைய 90 கிடைத்தால் நல்லது. நாடாவில் சாதாரண ஃபெரிக் (இரும்பு ஆக்சைடு பூசிய) வகை போதும். டெக் (கேசட்டைப் பதியும், ஓட்டும் கருவி) ஏற்றுக்கொண்டால் குரோம் வகையில் இரைச்சல் குறையும். ஏற்கெனவே பதிந்ததை மறுபடி பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஜன்னல் வழியாகச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் பீரோவில் கிடந்த கேசட்டுகளில் இது சகஜம். அதை டெக்கில் போட்டால், நாடாவைத் தொட்டு ஒலியைப் பதியும் முனையான ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும்.

கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஃபார்வர்ட் செய்து, திரும்ப ரிவைண்ட் செய்யுங்கள். வருடக்கணக்கில் அசையாமல் கிடந்த சுருள் தளர்ந்து சீராகும். பிறகு ஒரு பக்கத்தை முழுவதும் ஓடவிட்டுக் கடிகாரத்தில் நேரம் பாருங்கள். 45 என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அரை நிமிடமோ ஒன்றரை நிமிடமோ கூடுதலாக இருக்கும். 'விஷ் யூ வேர் ஹியர்' போன்ற 44 நிமிட ஆல்பத்துக்கு இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது. முக்கால் மணி நேரம் பதிந்து கடைசி ஒரு நிமிடம் அறுபட்டால் முழுவதும் வீண்.

டெக்கின் ஹெட்டையும் கேப்ஸ்டன் என்ற மெல்லிய இரும்புத் தண்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நின்றதும் நிறுத்தலாம். ரப்பர் ரோலருக்கு ஆல்கஹால் வேண்டாம், ரப்பர் காய்ந்து வெடிக்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த ஈரத்துணி போதும். பத்து நிமிடம் உலரவிடுங்கள்.

லெவல் குமிழ் இல்லாத, தானே ஒலியளவைச் சரிசெய்துகொள்ளும் டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த கருவி) இந்த ஆல்பத்தைப் பதியாதீர்கள். 'டார்க் சைட்' இதயத் துடிப்பு போன்ற ஒலியில், காதுக்கு எட்டியும் எட்டாமலும் தொடங்குகிறது. சத்தம் போதவில்லை என்று கருவி அதைத் தூக்கிவிடும், கூடவே இரைச்சலும் ஏறும். எட்டாவது நிமிடத்தை ஒட்டி அத்தனை கடிகாரங்களும் ஒரே நேரத்தில் அடிக்கும்போது கருவி திடுக்கிட்டு எல்லாவற்றையும் அமுக்கும். அந்தக் கடிகாரங்கள் கேட்பவரைத் தூக்கிப்போட வேண்டும். அது போனால் ஆல்பமே போனது.

லெவல் வைப்பது

போனிலிருந்தோ கணினியிலிருந்தோ பதிகிறீர்கள் என்றால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஈக்வலைசர், ஷஃபிள், பாட்டுக்குப் பாட்டு கலக்கும் கிராஸ்ஃபேட், ஒலியளவைச் சமன்செய்யும் வசதி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பாட்டுகளுக்கு இடையே இடைவெளி விடாத கேப்லெஸ் வசதியை மட்டும் போடுங்கள். 'டார்க் சைட்'டில் ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் நேராக ஓடுகிறது. பிளேயர் நடுவில் அரை நொடி மௌனம் வைத்தால் அது விக்கல் போலக் கேட்கும். போனைச் சார்ஜரில் இருந்து கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் 'ம்ம்ம்' என்ற உறுமல் பதிவில் ஏறலாம்.

டெக்கை ரெக்கார்ட், பாஸ் இரண்டும் அழுத்தி நிறுத்தி வையுங்கள். இப்போது ஆல்பத்தின் அதிகபட்சச் சத்தத்தைத் தேடி ஓட்டுங்கள். ஏ பக்கத்துக்கு அந்தக் கடிகாரங்களும் ஆல்பத்தின் கடைசிப் பாட்டும். பி பக்கத்துக்கு மூன்றாவது பாட்டு; தொடக்கத்தில் மெல்ல எழும் சிந்தசைசரை வைத்து அளவெடுத்தால் ஏமாறுவீர்கள். ஃபெரிக் கேசட்டில் அந்த உச்சம் மீட்டரில் +2, +3 டெசிபலைத் தொட்டுத் திரும்பினால் சரி. அங்கேயே நின்றால் தாளத் தட்டு கரகரக்கும். மிகவும் குறைத்து வைத்தால் மெல்லிய இடங்களில் உஸ் என்ற இரைச்சல் பாட்டை மூடும். வைத்த குமிழை ஆல்பம் முடியும்வரை தொடக் கூடாது. எது மெதுவாக, எது உரக்க என்பது அவர்கள் முடிவு செய்தது.

இரண்டு ஆல்பமும் ஒரே காலத்து மறுபதிப்பாக இருந்தால் லெவல் வைப்பது எளிது. பழைய சிடியையும் புதிய மறுபதிப்பையும் கலந்தால் பக்கம் திருப்பியதும் சத்தம் குதிக்கும். இந்த இரண்டுக்குமே 2011 பதிப்பு இருக்கிறது.

நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பி வசதி வேண்டுமா என்பது எதில் கேட்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கேட்கும் கருவியிலும் டால்பி இருந்தால் போடுங்கள். டால்பியோடு பதிந்ததை அது இல்லாத கார் பிளேயரில் போட்டால் உச்ச ஒலிகள் கூர்மையாகக் குத்தும்.

பதிவு

கேசட்டின் தொடக்கத்தில் ஐந்தாறு நொடிக்குப் பதியாத வெற்று நாடா இருக்கும். பல்சக்கரத்தில் பென்சிலை விட்டு, பழுப்பு நாடா கீழ்த் திறப்பின் நடுவுக்கு வரும்வரை சுற்றுங்கள். அதற்கு மேல் இரண்டு மூன்று நொடி விட்டுப் பாட்டைத் தொடங்குங்கள். வெற்று நாடாவும் பழுப்பு நாடாவும் சேரும் ஒட்டுக்கு அருகில் உள்ள நாடாவில் ஒலி விழுந்து எழும். பி பக்கத்தில் இதைவிட அதிகம் விட வேண்டாம், நமக்கு ஒவ்வொரு நொடியும் தேவை.

ஆட்டோ ரிவர்ஸ் இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஏ பக்கத்தில் நாடா தீர்ந்தால் மீதி தானாகப் பி பக்கத்தின் தலையில் போய்ப் பதிந்துவிடும்.

எல்பி இசைத்தட்டில் இருந்து பதிபவர்கள் தட்டைத் திருப்பும்போது பாஸ் போட வேண்டும். முன்பக்கம் முழுக்கத் தேய்ந்து அடங்கிய பிறகு மூன்று நொடி மௌனம் பதியவிட்டுப் பாஸ் அழுத்துங்கள். பின்பக்கத்தில் முள் இறங்கும் 'டப்' முடிந்ததும் எடுங்கள். அடுத்து வருவது காசு குலுங்கும் ஒலி. அதன் முதல் சத்தத்தை விழுங்கிவிட்டால் தாளமே தப்பாகத் தெரியும், ஏனென்றால் அந்தப் பாட்டு ஏழு எண்ணிக்கையில் போகிறது.

பி பக்கத்தில் ஓர் எச்சரிக்கை. மூன்றாவது பாட்டின் முடிவில் ஒலி திடீரென்று சுருங்கி, டிரான்சிஸ்டர் ரேடியோவில் இருந்து வருவது போல மெலியும். நிலையம் மாற்றும் கரகரப்பு கேட்கும். அடுத்து ஒரு கிட்டார் அந்த ரேடியோவுக்குள்ளிருந்தே வாசிக்கும். ஹெட் அழுக்காகிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். அது அப்படியே செய்யப்பட்டது. சற்று நேரத்தில் இன்னொரு கிட்டார் அதன் பக்கத்தில் உட்கார்ந்தது போல முழு ஒலியுடன் வந்து சேரும். குழுவை விட்டுப் போனவர் ஒருவரை நினைத்துச் செய்த ஆல்பத்தில் அந்தத் தூரமும் பக்கமும்தான் விஷயம்.

கரண்ட் போகும் நேரம் தெரிந்தால் அதைத் தவிர்த்துப் பதியுங்கள், இன்வெர்ட்டர் இருந்தால் டெக்கை அதில் போடுங்கள். பழைய பட்டன் டெக்கில் கரண்ட் போனாலும் ரோலர் நாடாவை அழுத்தியபடியே நிற்கும்; உடனே ஸ்டாப் அழுத்தாவிட்டால் அந்த இடத்தில் தடம் விழுந்து பிறகு எப்போதும் தடுக்கும்.

ஏ பக்கம் முடிந்ததும் மிச்சம் இருக்கும் இரண்டு நிமிடத்தை அப்படியே ஓடவிட்டு, நாடா தீர்ந்த பிறகே திருப்புங்கள். இல்லாவிட்டால் பி பக்கம் இரண்டு நிமிடம் உள்ளே தொடங்கும், கடைசியில் இடம் போதாது. பீட்டில்ஸ் ஜோடியில் பத்து நிமிடம் மிஞ்சும். அதை வேறு பாட்டால் நிரப்ப வேண்டாம். பழைய கேசட் என்றால் ஒயரைக் கழற்றிவிட்டு, லெவலைப் பூஜ்யத்தில் வைத்து வெறுமையைப் பதியுங்கள். முன்பு இருந்த பாட்டு அழிந்துவிடும்.

முடித்தபின்

ஒவ்வொரு பக்கத்திலும் முதல் நிமிடம், நடு, கடைசி நிமிடம் கேளுங்கள். உச்ச ஒலிகள் மங்கியிருந்தால் ஹெட்டின் சாய்வைச் சந்தேகியுங்கள். பதிந்த டெக்கில் தெளிவாகவும் வேறு டெக்கில் அமுங்கியும் கேட்டால் இரண்டு ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லை, கேசட்டில் குறையில்லை.

எல்லாம் சரி என்றால் மேல் விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். ஏ பக்கம் உங்களைப் பார்த்து, நாடா கீழே தெரியும்படி பிடித்தால் இடது மூலையில் இருப்பது ஏ பக்கத்துக்கு உரியது. பிறகு தவறிக்கூட மேலே பதிய முடியாது. லேபிளில் ஆல்பத்தின் பெயர், வெளியான மாதமும் ஆண்டும், எந்தப் பதிப்பு, டால்பி உண்டா இல்லையா என்று எழுதுங்கள். ஆண்டைப் பெரிதாகவே எழுதலாம். ஏ பக்கம் இதயத் துடிப்பிலேயே முடியும். கேசட்டைத் திருப்பும்போது கண்ணில் படுவது 1973-க்கு எதிரே 1975.