மைல் சேர்க்கும் முன் போட வேண்டிய கணக்கு

அச்சு இயந்திரங்களை நிறுவுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. 11 வருடங்களாக மாதம் இரண்டு முறையாவது விமானம் ஏறுகிறேன். பறக்கப் பறக்க விமான நிறுவனம் நம் கணக்கில் சேர்க்கும் புள்ளிகளுக்கு மைல் என்று பெயர், அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். முதல் ஆறு வருடம் அந்த மைல்களை உண்டியல் காசு மாதிரி தொடாமல் சேர்த்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரே ஒரு முறை பிசினஸ் கிளாஸில் காலை நீட்டிப் படுக்க வைத்து அழைத்துப் போக வேண்டும் என்று ஆசை. போய்வர 70,000 மைல் என்று விமான நிறுவனத்தின் அட்டவணையில் போட்டிருந்தது. என் கணக்கில் 66,000 இருந்தபோது மின்னஞ்சல் வந்தது: இனி 92,000.

கேட்க வழியில்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று விதிமுறையிலேயே எழுதியிருக்கிறார்கள். மைலை அச்சடிப்பவரும் அதன் மதிப்பைத் தீர்மானிப்பவரும் ஒருவரே. அதனால் முதல் வேலை, கணக்கைத் திறந்ததுமே எந்தப் பயணத்துக்குச் செலவழிக்கப் போகிறோம் என்று முடிவு செய்வது. போதுமான மைல் சேர்ந்த அன்றே டிக்கெட் போடுங்கள். மைலுக்கு வட்டி கிடையாது, விலை மட்டும்தான் ஏறும்.

1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஏஅட்வான்டேஜ் என்ற தன் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது பறந்த தூரத்துக்கு மைல் கொடுத்தார்கள். 2015-இல் டெல்டாவும் யுனைடெடும், 2016-இல் அமெரிக்கனும், டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தைப் பார்த்து மைல் தரத் தொடங்கின. மலிவு டிக்கெட்டில் நெடுந்தூரம் போகிறவருக்கு இப்போது சொற்பமே கிடைக்கும். நிறுவனங்களோ, கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களுக்குப் பரிசாகக் கொடுக்க வங்கிகள் கேட்கும் மைல்களை விற்று நன்றாகவே சம்பாதிக்கின்றன. 2020-இல் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானமாகக் காட்டி 680 கோடி டாலரும், டெல்டா 900 கோடி டாலரும் திரட்டின. இந்தத் தொகைகளைப் படித்த பிறகு, இலவசம் என்ற சொல்லை நான் இந்த விஷயத்தில் பயன்படுத்துவதே இல்லை.

கடந்த 12 மாதப் பயணங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டு மூன்றுதான் என்றால், உறுப்பினராகச் சேருங்கள், செலவில்லை. ஆனால் மைலுக்காக விலை கூடிய டிக்கெட்டை மட்டும் வாங்காதீர்கள். அடிக்கடி பறப்பவர் என்றால் நிறுவனத்தைவிடக் கூட்டணியைப் பாருங்கள். ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்ட், ஸ்கைடீம் என்று மூன்று பெரிய கூட்டணிகள் உண்டு. ஒரு நிறுவனத்தில் பறந்து, மைலை அதே கூட்டணியின் இன்னொரு நிறுவனத்தில் சேர்க்கலாம். தொடக்கத்தில் நான் ஐந்து இடத்தில் கணக்கு வைத்திருந்தேன். எதிலும் ஒரு டிக்கெட்டுக்குத் தேறவில்லை.

டிக்கெட்டில் பயண வகுப்பைக் குறிக்கும் ஒற்றை எழுத்தைக் கவனியுங்கள். பக்கத்துப் பக்கத்து எகானமி இருக்கைகளில் ஒருவருக்கு முழு மைலும் மற்றவருக்குக் கால்வாசியும் வருவது அந்த எழுத்தால்தான். சில எழுத்துகளுக்கு ஒன்றுமே வராது. மைல் கணக்கில் ஏறும் வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். விடுபட்டதைக் கேட்டுப் பெற அதுதான் சான்று. காலாவதி விதியையும் சேரும்போதே படித்துவிடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் சாதாரண உறுப்பினருக்கு 36 மாதம். ஏஅட்வான்டேஜில் 24 மாதம் கணக்கில் அசைவே இல்லாவிட்டால் போய்விடும். டெல்டாவில் காலாவதி கிடையாது.

இனி கணக்கு. மைல் கொடுத்து எடுக்கும் டிக்கெட்டுக்கும் வரி, கட்டணம் என்று கையிலிருந்து பணம் போகும். சில நிறுவனங்கள் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்து வாங்குகின்றன. டிக்கெட்டின் ரொக்க விலை 500 டாலர், மைலில் எடுத்தால் கட்ட வேண்டியது 150 டாலர், தேவை 35,000 மைல் என்று வையுங்கள். மிச்சமாவது 350 டாலர். அதை 35,000-ஆல் வகுத்தால் ஒரு மைலின் மதிப்பு 0.01 டாலர். மைலில் எடுத்த பயணத்துக்குப் பெரும்பாலும் புதிய மைல் வராது, அதையும் நினைவில் வையுங்கள். எனக்கென்று ஓர் அளவு வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே போனால் ரொக்கம்தான். மைல் தரும் கிரெடிட் கார்டில் பாக்கி வைக்கிறவருக்கு இந்தக் கணக்கே வேண்டாம், வட்டி எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

என்னைப் போல வேலைக்காக அலைபவருக்கு உண்மையில் உதவுவது மைலைவிடத் தகுதிநிலைதான், அதாவது வருடத்தில் நிறையப் பறப்பவருக்கு நிறுவனம் தரும் தனிச் சலுகை அந்தஸ்து. ஸ்டார் அலையன்ஸில் கோல்டு என்ற தகுதிநிலை இருந்தால் லவுஞ்ச் எனும் தனி ஓய்வறை, கூடுதலாக 20 கிலோ அல்லது ஒரு பெட்டி, முன்னுரிமை வரிசை எல்லாம் உண்டு. கருவிப் பெட்டியோடு போகும் எனக்கு அந்த 20 கிலோ பெரிய விஷயம். ஒரு முறை பனிப்பொழிவில் இணைப்பு விமானம் தவறியது. பொது வரிசையில் முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். கோல்டு கவுன்ட்டரில் எனக்கு முன்னால் நான்கே பேர். அன்றிரவே இடம் கிடைத்தது, மறுநாள் காலை இயந்திரம் ஓடியது.

அதே கோல்டுக்காகத்தான் ஒரு டிசம்பரில் வேலையே இல்லாத ஊருக்கு சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்பினேன். அந்த வார இறுதியை வீட்டுக்குத் தந்திருக்க வேண்டும். அடுத்த வருடம் எங்கள் அலுவலகம் பயணங்களைக் குறைத்தது, கோல்டும் போனது. தகுதிநிலைக்காகத் தனியாகப் பறக்காதீர்கள். வேலையோடு வந்தால் வரட்டும்.

மைல் டிக்கெட்டுக்கான இருக்கைகள் கொஞ்சமே. பல நிறுவனங்கள் பயணத்துக்குச் சுமார் 11 மாதம் முன்பே அவற்றைத் திறக்கின்றன. தேதியில் ஓரிரு நாள் விட்டுக்கொடுக்க முடிந்தால் கிடைக்கும். இணையதளத்தில் காட்டாத கூட்டணி விமானங்களைத் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள்.

அம்மாவுக்கு அப்படிக் கேட்டுத்தான் இடம் பிடித்தேன். போகும் வழி மட்டும் பிசினஸ், 46,000 மைல். வரும்போது பணம் கொடுத்து எகானமியில் ஓர இருக்கை. மீதமிருந்த 20,000-ஐ அந்த வாரமே மனைவியின் ஒரு டிக்கெட்டுக்குச் செலவழித்துவிட்டேன்.